மண்டப வேலைக்கு வாக்கி டாக்கி: லைசென்ஸ் இல்லாமல் எது வாங்கலாம்?

டெல்டா பந்தல்:
கும்பகோணம் பக்கம் பந்தல், மேடை அலங்காரம் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சமையல்கட்டு, மேடை, வாசல், கார் நிற்கும் இடம் என்று பையன்கள் சிதறி நிற்பார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது போன் அடித்தால் ஒருவனுக்கும் கேட்காது. ஆன்லைனில் பவோஃபெங் யுவி-5ஆர் என்ற வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே விற்கும் 22 சேனல் செட் கொண்டுவருகிறேன் என்கிறான். போலீஸ் தொந்தரவு வராமல் எதை வாங்குவது?

ஹாம் தாத்தா:
தம்பி, இரண்டும் வேண்டாம். இந்தியாவில் இந்த மாதிரி சின்னக் கைக்கருவிக்கு லைசென்ஸ் விலக்கு உள்ள இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். 2018 விதிகளில் இருக்கிறது. மச்சானின் செட் 462, 467 பக்கம் பேசும். அந்த ஊருக்குச் சரி, இங்கே செல்லாது. யுவி-5ஆர் என்னிடமும் இருக்கிறது, ஆனால் நான் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான அமெச்சூர் (ஹாம்) லைசென்ஸ் வைத்திருப்பவன். அந்த லைசென்ஸில் வியாபாரம் பேசவும் கூடாது.

அந்த 446 அலைவரிசையில் மட்டும் பேசும் பி.எம்.ஆர். 446 செட் கேளுங்கள். அரை வாட்தான், ஆண்டெனாவைக் கழற்ற முடியாது. அந்த மாடலுக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி. கொடுத்த ஈ.டி.ஏ. (கருவி ஒப்புதல்) சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் எஃப்.சி.சி., ஐரோப்பாவின் சி.இ. முத்திரையைக் காட்டிச் சமாளிப்பார்கள், அதெல்லாம் நமக்கு ஆகாது. ஆன்லைனில் அலைவரிசையும் ஈ.டி.ஏ. விவரமும் போடாமல் விற்கக் கூடாது என்று 2025இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. விவரம் இல்லையா, அடுத்த கடைக்குப் போங்கள்.

டெல்டா பந்தல்:
நன்றி ஐயா. யுவி-5ஆரையே 446இல் வைத்துப் பூட்டிவிட்டால்?

ஹாம் தாத்தா:
ஆகாது. விலக்கு அலைவரிசைக்கு மட்டும் இல்லை, கருவிக்கும் சேர்த்துத்தான். அது நாலு வாட் அளவுக்கு அடிக்கும், பூட்டை எந்தப் பையனும் ஒரு பட்டனில் திறந்துவிடுவான். அதிக சக்தி வேண்டுமென்றால் அரசின் சரள் சஞ்சார் இணையதளத்தில் முறையாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மண்டபத்துக்கு எதற்கு அது?

சவுண்ட் சர்வீஸ்:
அண்ணே, அரை வாட்டே போதும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், அது வெட்டவெளிக்கு. செட்டில் வைக்கும் "பிரைவசி கோடு" என்பதும் ரகசியம் இல்லை, அது மற்றவர் பேச்சு நமக்குக் கேட்காமல் தடுக்கும், அவ்வளவுதான். சாம்பார் தீர்ந்துவிட்டது என்று கத்தினால் பக்கத்து மண்டபக்காரன் செட்டிலும் கேட்கலாம். மேளச் சத்தத்துக்குக் காதில் மாட்டும் மைக் கட்டாயம் வேண்டும். மைக்கின் பின் (பிளக்) செட்டில் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.