காயத்தினுள் ஐதரசன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் பெரியப்பா, உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லில் கால் அகப்பட்டுக் கெண்டைத் தசை நசுங்கியதால், மறுநாள் திருகோணமலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காயத்துக்கு மேலே தோலை அழுத்தியபோது, பொரியைக் கையால் நொறுக்குவதுபோல நெறுநெறுத்தது. உள்ளே ஐதரசன் உள்ளிட்ட வாயு சேர்ந்திருப்பதாக வைத்தியர் கூறினார். வெளிக்காற்று புகுந்தது என்றால் விளங்கும். ஐதரசன் எப்படி வந்தது? அவர் தேறி வருகிறார். அறியும் ஆவலில்தான் கேட்கிறேன்.

பதில் 1:
ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். இத்தகைய காயங்களில் வழக்கமாகக் காணப்படுவது, 1892 இல் வெல்ச், நட்டல் ஆகியோர் விவரித்த, இன்று குளொஸ்திரீடியம் பெர்பிரிஞ்சென்சு எனப்படும் பற்றீரியா. வயல் மண்ணில் வித்தியாக, அதாவது உறங்குநிலையில், கிடக்கும் அது, ஒட்சிசன் எட்டாத இடத்திலேயே பெருகும். இரத்த ஓட்டம் அறுந்த தசை அதற்கு வாய்ப்பான இடம். அங்கே குளுக்கோசை நொதிக்கச் செய்தே அது சத்தி பெறுகிறது. அப்போது மிஞ்சும் இலத்திரன்களை ஐதரசனேசு என்னும் நொதியம் புரோத்தன்களுடன் சேர்க்க, அவை ஐதரசன் வாயுவாக வெளியேறுகின்றன. கூடவே உண்டாகும் காபனீரொட்சைட்டு நீரில் நன்கு கரையும். ஐதரசனோ மிகக் குறைவாகவே கரைவதால் குமிழாகத் தங்கிவிடுகிறது. இதே கிருமியைப் பாலில் வளர்த்தால், உறைந்த பாலை வாயு கிழித்துச் சிதறடிக்கும். அதை ஒருமுறை பார்த்தவர் தசைக்குள் நடப்பதை எளிதில் ஊகிப்பார்.

பதில் 2:
மூதூரிலிருந்து ஒரு தாதி. மேலே உள்ள விளக்கம் சரி. ஆனால் தசையைக் கொல்வது முதன்மையாக வாயு அன்று. கலமென்சவ்விலுள்ள இலெசித்தின் என்னும் கொழுப்பைப் பிளக்கும், அக்கிருமி சுரக்கும் அல்பா நச்சே அதைச் செய்கிறது. வாயு தசைநார்களிடையே புகுந்து அழுத்தத்தை ஏற்றி, எஞ்சிய இரத்த ஓட்டத்தையும் நெரிப்பதால், கிருமிக்கு ஏற்ற இடம் இன்னும் விரிகிறது. ஆகவேதான் இறந்த தசையை உடனே வெட்டி அகற்றுகிறார்கள். பெனிசிலினும் கிளின்டமைசினும் அதற்குத் துணை. ஏற்பு ஊசி போட்டாயிற்று என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அந்த ஊசி இந்நோயைத் தடுக்காது.

பதில் 3:
நெறுநெறுப்பு இல்லையென்றால் ஆபத்தில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். தசையுறையை அழிக்கும் ஸ்ரெப்ரோகொக்கசு வாயுவை உண்டாக்குவதில்லை. நீரிழிவுள்ளவர்களின் புண்ணில் ஈ. கோலை போன்ற வேறு கிருமிகளும் வாயுவை உண்டாக்கலாம். காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலியே முதலில் கவனிக்க வேண்டியது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. முதல் இரவே பெரியப்பா, காயத்தைவிட வலிதான் பெரிதாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் வலி மாத்திரை கொடுத்து, விடியட்டும் என்றிருந்தோம்.