மெராங் கூடு செய்து பார்த்தவர்கள் வாங்க, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்க

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து ஓவனில் உலர்த்துகிற இனிப்புதான் மெராங். இரண்டே பொருள்தானே, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து ஆரம்பித்தேன். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆரம்பித்தது நவம்பர் மாதம், வெளியே நல்ல மழை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்த பாதிக்கு மேல் இதனால்தான்.

அளவு எல்லோரும் சொல்வதுதான்: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, அது ஏறக்குறைய 90 கிராம் வரும், அதற்கு இரண்டு பங்கு, 180 கிராம் பொடித்த சர்க்கரை, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நன்றாக அடித்து, பட்டர் பேப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் பிழிந்து, ஓரத்தில் மட்டும் இரண்டு சுற்று மேலே ஏற்றினால் கிண்ணம் போல் ஒரு கூடு வரும். எட்டு கூடுகள் வந்தன. ஓடிஜியில், அதாவது மேசை மேல் வைக்கிற சின்ன மின் ஓவனில், 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். இரவு பத்து மணிக்கு எடுத்தபோது அத்தனை அழகு, தட்டினால் டக் டக் என்று சத்தம். மேசையில் ஒரு தட்டு போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மழை நாளில் டப்பாவை மூட மறந்த அப்பளம் எப்படியிருக்கும், அப்படி நமுத்துக் கிடந்தன. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. உண்மையாகவே அழுகை வந்துவிட்டது, அன்று மதியம் சாப்பிட வருகிறவர்களுக்காகச் செய்தது.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாகச் செய்கிறேன் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். அது இன்னும் மோசம். வெளியே எடுத்ததும் மேலெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கேக்குக்கும் பாயசத்துக்கும் ஃப்ரிட்ஜ் சரி, மெராங்குக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன்: இது என்ன, காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிற சர்க்கரை, அவ்வளவுதான். சர்க்கரை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். கட்டிச் சர்க்கரையாக இருந்தால் மேல்தோல் மட்டும் ஈரமாகும், இதிலோ உள்ளே வரைக்கும் ஆயிரம் ஓட்டை, இழுக்க எவ்வளவு இடம் பாருங்கள்.

மூன்றாவது தடவை கூடு வரைக்கும் போகவே இல்லை. கடைசி முட்டையை உடைக்கும்போது ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்துவிட்டது, கரண்டியால் எடுத்துவிட்டேன் என்று நினைத்து அடித்தேன், இருபது நிமிடம் பீட்டர் ஓடியும் நுரை தளதளவென்றே நின்றது. மஞ்சள் கருவில் இருக்கிற கொழுப்புதான் நுரையைக் கட்ட விடாது. இப்போது மூன்று கிண்ணம் வைத்துக்கொள்கிறேன், ஒன்றில் உடைக்க, ஒன்றில் சேர்க்க, ஒன்று மஞ்சளுக்கு. முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு பிரித்துவிட வேண்டும், சுலபமாகப் பிரியும். அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெளியே வைத்தால் நுரை நன்றாகப் பொங்கும். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டாமல், நுரை மெத்தென்று வந்த பிறகு ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு இல்லாமல் வழவழவென்று இருக்கிற வரைக்கும் அடிக்கணும். கரையாத சர்க்கரை மிச்சம் இருந்தால் வேகும்போது அடியில் பாகாக ஒழுகும்.

சரி, நான்காவது தடவை வந்துவிட்டது. ஓவனை அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் ராத்திரி முழுக்க உள்ளேயே விட்டேன். காலையில் எடுத்த கையோடு மேசைக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேராக இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி, சாப்பாட்டுப் பொருளோடு வைக்கிற சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடினேன். நான்கு நாள் கழித்தும் மொறுமொறுவென்று இருந்தது.

உள்ளே வைப்பது பற்றி எனக்கு இப்போது உறுதியான அபிப்பிராயம் உண்டு. முதலில் இனிப்புக் கிரீம் அடித்து மேலே குலாப் ஜாமூனை நறுக்கி வைத்தேன், பிள்ளைகளே பாதியில் வைத்துவிட்டார்கள். கூடே முழுக்கச் சர்க்கரை, அதற்குள் இன்னொரு சர்க்கரை எதற்கு? உள்ளே இருப்பதில் புளிப்பு வேண்டும். மிஞ்சுகிற மூன்று மஞ்சள் கருவுக்கும் அங்கேதான் வேலை. 75 கிராம் சர்க்கரை, கால் டம்ளர் எலுமிச்சைச் சாறு, துருவிய தோல் கொஞ்சம் சேர்த்து, கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் கிளறி, கரண்டியின் முதுகில் படிகிற பதத்தில் இறக்கி 50 கிராம் வெண்ணெய் சேர்த்தால் லெமன் கர்ட். கிண்ணம் நேரடியாக அடுப்பில் போனால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும், அதனால் பொறுமை. மே மாதத்தில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரும் பங்கனப்பள்ளித் துண்டுகளும் வைத்தேன், என் கணவர் இதற்கு முன் இனிப்பு எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. எதை வைத்தாலும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வைக்க வேண்டும்.

என் தங்கை இப்போது ஏழு மாதக் கர்ப்பம், அவளுக்குச் செய்து கொடுக்க ஆசை. 100 டிகிரியில் உலர்த்தியதில் முட்டை சரியாக வெந்திருக்குமா, கொடுக்கலாமா என்று ஒரு தயக்கம். இப்படி யாராவது செய்து கொடுத்திருக்கிறீர்களா?

* * *

எனக்கு நமுக்கவில்லை, பழுப்பாகிவிட்டது. வெள்ளையாக எடுக்க முடியவே இல்லை, மேலே தேன் நிறத்தில் முத்து முத்தாகச் சொட்டு வேறு. ஐந்து தடவை செய்த பிறகு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன், திருகில் 100 காட்டும்போது உள்ளே 130 இருந்தது. இப்போது கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். வெள்ளை வெளேர்.

* * *

அக்கா, நான் தூத்துக்குடி. இங்கே பிறந்தவனுக்கு மெராங் புதுசு இல்லை, மக்ரூன் தின்றே வளர்ந்தோம். வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு, இவ்வளவுதான் அதில். வாயில் போட்டால் கரைந்துபோகும், கடைசியில் முந்திரி மட்டும் நாக்கில் நிற்கும். ஊருக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டி பெட்டியாக வாங்கிப் போவது அதுதான். கடல் ஓரத்து ஊரில் நின்றுகொண்டு இதைச் செய்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு எப்பவும் ஒரு பெருமை உண்டு.

எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அண்ணாச்சி பேக்கரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் போய், மக்ரூன் மாவிலேயே கூடு பிழிய முடியுமா, அப்படிச் செய்தால் உள்ளே கிரீம் வைத்துத் தரலாமே என்று கேட்டேன். முடியாதுன்னு சொல்லவில்லை, செய்து பாரு தம்பி என்றார். செய்தேன். நுரை நின்றது, முந்திரித் தூளைப் போட்டுக் கிளறியதும் அப்படியே இறங்கிப் போனது. சுவர் எழும்பவே இல்லை, தட்டையாகப் பரவி பிஸ்கட் மாதிரி வந்தது. அப்புறம் அவர் விளக்கினார். முந்திரியில் எண்ணெய் இருக்கிறது, அது நுரையை உடைக்கும், அதனால் கடைசியில் போட்டு நாலு தடவைக்கு மேல் கிளறக் கூடாது, கிளறியதை உடனே விட்டுவிட வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதிலிருந்து ஒரே அமுக்கில் சின்னதாக விடுவது அதனால்தான். சின்ன கூம்பு தன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், உயரமான சுவர் தாங்காது.

நான் கண்டுபிடித்த வழி இது. கூட்டை வெறும் வெள்ளைக்கருவிலும் சீனியிலும் செய்துவிடுங்க. அடியில் முதலில் இரண்டு மக்ரூனை நொறுக்கிப் போட்டு, அதன் மேல் கிரீமோ பழமோ வைங்க. கிரீமின் ஈரத்தை நொறுக்கல் முதலில் வாங்கிக்கொள்ளும், கூட்டின் அடிப்பகுதி கொஞ்ச நேரம் கூடுதலாக மொறுமொறுப்பாக நிற்கும், முந்திரி வாசமும் வந்துவிடும். மழைக்காலத்தில் நான் செய்வதே இல்லை. அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார், ஐப்பசியில் மெனக்கெடாதே, தை பிறக்கட்டும் என்று.

* * *

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப மெல்பேர்ணில் இருபது வருசம். இங்கே கிறிஸ்மஸ் நடுக்கோடையில் வரும், ஒவ்வொரு வீட்டிலும் மேசையில் பாவ்லோவா என்ற மெராங் இனிப்பு இருக்கும். அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய பாலே நடனக்காரி 1926இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்து ஆடினார், அவருடைய பெயர்தான் இந்த இனிப்புக்கு. முதலில் செய்தது நாங்கள்தான் என்று இரண்டு நாட்டுக்காரரும் இன்றைக்கும் விடாமல் வாதாடுவார்கள்.

உங்கள் கூட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். கூடு உள்ளே வரைக்கும் உலர்ந்திருக்க வேண்டும். பாவ்லோவா வெளியே மட்டும் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு மிட்டாய்க்கும் மார்ஷ்மெலோவுக்கும் நடுவில் மெத்தென்று இருக்கும். அதற்காக ஒரு தேக்கரண்டி சோள மாவும் ஒரு தேக்கரண்டி வினாகிரியும் சேர்ப்பார்கள். நமுத்துப்போகும் என்று பயப்படுகிற ஊர்களில் இதையே சின்னச் சின்னக் கூடாகச் செய்தால் என்ன என்பது என் எண்ணம், நடு எப்படியும் மென்மையாகத்தான் இருக்கப் போகிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கே மேலே கிரீம் பூசி, கொடித்தோடம்பழத்தைப் பாதியாக வெட்டிச் சாறும் விதையுமாக ஊற்றுவார்கள். முதல் வருசம் பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து தந்தா. அந்தப் புளிப்பு வாயில் பட்டதும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் படர்ந்து கிடந்த கொடி கண்ணுக்குள் வந்துவிட்டது. அம்மா அதில் சர்பத் கரைத்துத் தருவா. அன்றைக்கு நான் ஊருக்கு தொலைபேசி எடுத்து அம்மாவோடு கனநேரம் கதைத்தேன். இப்ப ஒவ்வொரு மார்கழியும் நானே செய்கிறேன், பிள்ளைகள் பழத்தை வெட்டி ஊற்றுவதற்குச் சண்டை பிடிப்பார்கள்.

உங்கள் தங்கைக்கு சுவிஸ் முறையில் செய்யுங்கள். வெள்ளைக்கருவையும் சீனியையும் ஒன்றாகக் கலந்து, சுடுதண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து, தெர்மாமீட்டரில் 71 டிகிரி வரும்வரை விடாமல் கிளறி, பிறகு எடுத்து ஆறும்வரை அடியுங்கள். முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லாக் கிருமி அந்தச் சூட்டில் செத்துவிடும். சீனியும் முழுக்கக் கரைந்துவிடும், நறநறப்புப் பிரச்சினையும் அதோடு சரி.

* * *

கோயமுத்தூருங்க. எங்க அத்தை சுத்த சைவம், முட்டை வீட்டுக்குள்ளேயே வராது. வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் மெராங் வரும் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. பிரான்சில் ஜோயல் ரோசெல் என்பவர் 2014இல் பருப்பு வேகவைத்த தண்ணீர் நுரைக்கிறது என்று கண்டுபிடித்து எழுதினாராம், அடுத்த வருஷம் அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

உப்பு போடாமல் வேகவைத்து, தண்ணீரை மட்டும் வடித்து, அது பாதியாகச் சுண்டி வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பு வருகிற வரை கொதிக்க வைக்கணுங்க. இரண்டு டேபிள்ஸ்பூன் ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். முட்டையை விட இரண்டு மடங்கு நேரம் அடித்தேன், பன்னிரண்டாவது நிமிஷத்தில் திடீரென்று கெட்டியாகி நின்றது பாருங்க, அத்தை அடுப்படிக்கு வந்து கிண்ணத்தைக் கவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. கடலை வாசம் கொஞ்சம் இருக்கும், வெனிலாவும் எலுமிச்சைத் தோலும் போட்டால் அடங்கிவிடும். ஆனால் இது முட்டையை விடச் சீக்கிரம் நமுக்கும், அன்றைக்கே தின்றுவிடணும். நாங்கள் ஊட்டி ஸ்ட்ராபெர்ரியை வெட்டிப் போட்டோம். எழுபத்திரண்டு வயசில் அவர்கள் முதல் தடவையாக இப்படி ஒன்றைச் சாப்பிட்டார்கள், ரெண்டு கூடு.

* * *

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொடித்தோடம்பழம் என்று படித்ததும் எது என்று புரியவில்லை, விதையும் சாறும் என்ற இடத்துக்கு வந்ததும் பிடிபட்டது, பேஷன் ஃப்ரூட், எங்கள் பக்கம் தாட்பூட் பழம் என்போம். கொடைக்கானலிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சுவிஸ் முறையில் நேற்று செய்தேன். நுரை கனமாக, பளபளவென்று வந்தது, பிழியும்போது சுவர் கொஞ்சமும் சரியவில்லை. இன்னொன்றும் செய்து பார்த்தேன்: கூடு ஆறியதும் உள்பக்கம் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டேன். சாக்லேட்டின் கொழுப்பு ஈரத்தைத் தடுத்துவிடுகிறது. லெமன் கர்ட் வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கடித்தபோதும் அடி மொறுமொறுப்பாகவே இருந்தது. சாக்லேட் இனிப்பு சேருவதால் கர்ட்டில் சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்துவிட்டேன்.

தங்கை வீடு தாம்பரத்தில். ஞாயிற்றுக்கிழமை கூடுகளைச் சம்படத்திலும் கர்ட்டைத் தனி டப்பாவில் ஐஸ் வைத்தும் எடுத்துப் போகிறேன், அங்கே போய்த்தான் நிரப்புவேன். தூத்துக்குடித் தம்பி, மக்ரூன் வாங்கி அனுப்ப முடியுமா? அரை கிலோ போதும், அதையும் ஒரு கூட்டில் நொறுக்கிப் போட்டு அவளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன்.