அலாய் மாற்றிய அனுபவங்கள்: இன்ச் பார்த்தோம், ஆஃப்செட் பார்த்தோமா?

முதல் பதிவு

பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். தனியாக ஓட்டும்போது வராது. முதல் வாரம் ஏதோ பிளாஸ்டிக் லைனர் கழன்றிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் டயரைத் தடவிப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு டயரிலும் வெளித்தோளில் ஒரு கோடு, கத்தியால் சீவின மாதிரி. சக்கரத்துக்கு மேலே வளையும் வீல் ஆர்ச்சின் உள்மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது.

வண்டி சின்ன ஹேட்ச்பேக். கம்பெனியில் வந்தது 14 இன்ச், 5ஜே (5 இன்ச்) அகல இரும்பு ரிம், ஆஃப்செட் 45, டயர் 175/65 ஆர்14 (அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 14 இன்ச்). நான் போட்டது அலாய், 16 இன்ச், 7ஜே, ஆஃப்செட் 35, டயர் 195/45 ஆர்16. டயரின் மொத்த விட்டத்தில் கவனமாகத்தான் இருந்தேன். பழையது 583 மி.மீ., புதியது 582. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஆஃப்செட்டைப் பற்றி விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "போல்ட் உட்காருது தம்பி, எடுத்துக்குங்க" என்றார். போல்ட் உட்கார்ந்தது, அதில் பொய் இல்லை.

உரசிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டி உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈடி 35, ஈடி 45 என்று அச்சிட்டிருக்கும். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். அகலத்தை மி.மீ.க்கு மாற்றிப் பாதியாக்கி, அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளி ஓரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியும். கூட்டினால் உள் ஓரம்.

பழைய ரிம்: 127-ல் பாதி 63.5. வெளியே 18.5, உள்ளே 108.5. புதிய ரிம்: 177.8-ல் பாதி 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. ஆக ஒவ்வொரு சக்கரமும் 35 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, 15 மி.மீ. உள்ளேயும் போயிருக்கிறது. இரண்டு நிமிடக் கணக்கு. வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்கலாம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? ஆர்ச் மடிப்பைத் தட்டி மடக்கிவிடலாம் என்கிறார்கள். மனசு வரவில்லை.

மறுமொழி 2

கணக்கு சரி. ஆனால் அது ரிம்மின் கணக்கு. ஆர்ச்சில் உரசுவது ரிம் இல்லையே, டயரின் தோள்தானே?

175/65 ஆர்14 டயர் 5ஜே ரிம்மில் ஏறக்குறைய 177 மி.மீ. அகலம் நிற்கும். உங்கள் 195/45 ஆர்16 டயர் 7ஜே ரிம்மில் ஏறக்குறைய 200. ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும் என்பது பொதுக் கணக்கு. பாதி எடுத்து ஆஃப்செட்டைக் கழித்தால் பழையது 43.5, புதியது 65. டயர் வெளியே வந்தது 35 இல்லை, ஏறக்குறைய 22 தான்.

22 மி.மீ. என்பதே ஆர்ச்சில் உரச தாராளமாகப் போதும். அதுவும் பின்னால் டார்ஷன் பீம் (பின்சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டி என்றால், பாரம் ஏறும்போது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயாமல் நேராகத்தான் மேலே ஏறும். மடிப்புக்கு நேர் கீழே தோள் நின்றால் தப்ப வழியே இல்லை. தனியாக ஓட்டும்போது சத்தம் வராததற்கும் அதுதான் காரணம்.

மீதி 13 மி.மீ. எங்கே போனது என்று கேட்டால், உங்கள் ரிம் விளிம்பு டயரைத் தாண்டி வந்து நிற்கிறது. 7ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம்தான். விளிம்போடு அளந்தால் ஏறக்குறைய 8 இன்ச், அதாவது 203 மி.மீ. டயரோ 200. ஓரக்கல்லில் உரசினால் முதலில் அடி வாங்குவது அலாய்தான். ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கிறதா, பாருங்கள்.

மறுமொழி 3 (திரியைத் தொடங்கியவர்)

இடது பக்கம் இரண்டிலும் இருக்கிறது. நான் பார்க்கிங்கில் தப்பு செய்கிறேன் என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். நன்றி அண்ணா, இதைக் காட்டிவிடுகிறேன்.

மறுமொழி 4

என் கதையில் உரசலே இல்லை. அகலம், ஆஃப்செட் இரண்டும் கம்பெனி அளவுக்குப் பக்கத்தில்தான் எடுத்தேன். ஆனால் 80 தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மூன்று முறை, அலைன்மென்ட் இரண்டு முறை. டயர்தான் கோணல் என்று சொல்லி ஒரு டயரையும் மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்தது.

வேறொரு பட்டறையில் வயசான மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். வண்டியின் ஹப் 54.1 மி.மீ. ரிம்மின் நடு ஓட்டை 73.1. வெளியில் விற்கும் அலாய் பலவும் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று இப்படிப் பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் ஒரு வளையம் போட்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். எனக்கு மாட்டியவர் அதைப் போடவே இல்லை. சக்கரம் ஹப்பில் உட்காராமல் நான்கு நட்டை மட்டும் நம்பி நின்றிருக்கிறது. நட்டை எந்த வரிசையில் முறுக்கினோமோ அந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்துவிடும்.

நான்கு வளையம் போட்டார். நடுக்கம் அன்றோடு போனது. டயர் மாற்றிய காசுதான் இன்னும் வலிக்கிறது.

வளையம் வாங்குகிறவர்கள் தங்கள் வண்டியின் ஹப் அளவைப் பார்த்து வாங்குங்கள். சுசுகி, ஹூண்டாய் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 54.1, ஹோண்டாவில் 56.1, ஃபோக்ஸ்வேகனில் 57.1, ரெனோவில் 60.1.

மறுமொழி 5

வீல் பட்டறையில் வேலை பார்ப்பவன் நான். நாலாவது பதிவில் சொன்ன கோளாறு எங்களிடம் அடிக்கடி வரும். இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது.

ஒருத்தர் 4×98 ரிம்மை (நாலு போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 98 மி.மீ.) 4×100 வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மி.மீ. வித்தியாசம்தானே, பலம் போட்டால் உட்கார்ந்துவிடும் என்ற தைரியம். உட்காரத்தான் செய்தது. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மி.மீ. சாய்ந்து இழுபட்டுக்கொண்டு, நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் கவ்வி நிற்கும். ஸ்பேனர் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓடத் தளரும். அவருக்கு ஒரு நட்டு வழியிலேயே விழுந்துவிட்டது. மற்ற மூன்றையும் நான் கையால் கழற்றினேன்.

நட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ரிம்முக்குச் சில வண்டிகளில் உருண்டை அடி நட்டு அல்லது போல்ட் வரும். வெளியில் வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்புக் குழியில் போட்டால் ஒரு கோடு மட்டும்தான் தொடும். மரையும் பாருங்கள் (போல்ட் தடிமன், மரை இடைவெளி, இரண்டும் மி.மீ.): சுசுகியில் 12×1.25, ஹோண்டா, டொயோட்டாவில் 12×1.5. இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கினால் அங்கேயே நிறுத்துங்கள், ஏர் கன்னை வைக்காதீர்கள். புது அலாய் மாட்டினால் 50, 100 கி.மீ. ஓடிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நாங்கள் சொல்லி அனுப்புகிறோம், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

அப்புறம் ஸ்பேசர். உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசினால் 5 மி.மீ. தகடு வைத்துத் தள்ளிவிடலாம் என்பார்கள். ஆஃப்செட்டில் அந்த 5 அப்படியே குறையும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் நட்டு கவ்வும் மரை நீளமும் 5 மி.மீ. குறைகிறது, ஹப்பின் உதடு ரிம்முக்குள் நுழையும் ஆழமும் குறைகிறது. நீளமான போல்ட் மாற்றாமல் ஸ்பேசர் வைக்க நான் மாட்டேன்.

தம்பிக்கு: ஆர்ச் மடிப்பைத் தட்டாதீர்கள். ரிம்மை மாற்றுங்கள். தட்டின இடத்தில் துரு பிடிக்கும், சத்தம் போனாலும் ஸ்டீயரிங்கில் வருகிற பிரச்சினை போகாது. ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது, அதை எழுதவே இல்லையே?

மறுமொழி 6 (திரியைத் தொடங்கியவர்)

கேட்டது நல்லதாப் போச்சு அண்ணா. சாலையில் பள்ளமான கோடு இருந்தால் வண்டி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் இழுக்கிறது. அகல டயர் போட்டால் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுமொழி 7

அகல டயர் பாதிக் காரணம், ஆஃப்செட் மீதி. ஸ்டீயரிங் திரும்புகிற அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையில் பதியும் இடத்தின் நடு இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் மில்லிமீட்டர் பார்த்து அமைத்த விஷயம் அது. ஆஃப்செட் 45-லிருந்து 35 ஆனால் நடுக்கோடு அப்படியே 10 மி.மீ. வெளியே போகிறது. இந்த 10-ல் ரிம் அகலத்துக்குப் பங்கே இல்லை. சக்கரத்தில் விழும் ஒவ்வொரு உதையும் இப்போது கொஞ்சம் நீளமான நெம்புகோல் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. வீல் பேரிங்குக்கும் அதே நெம்புகோல்தான்.

மறுமொழி 8

நான் ஸ்டைலுக்காக மாற்றவில்லை, கிரவுண்ட் கிளியரன்ஸுக்காக மாற்றினேன். அதே 175/65 ஆர்14 வண்டி. 15 இன்ச் ரிம்மில் 195/60 போட்டேன். விட்டம் 583-லிருந்து 615. வண்டி 16 மி.மீ. உயர்ந்தது. மேடு தட்டுவது குறைந்தது, அதில் திருப்திதான்.

ஆனால் மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட ஐந்தரை சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தேன். இது புரியாமல், புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் புலம்பினேன். ஓடோமீட்டரே குறைவாகக் காட்டினால் மைலேஜ் எப்படிச் சரியாக வரும்! இழுவை குறைந்தது மட்டும் நிஜம். மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றம் இப்போது இரண்டாவது கேட்கிறது. சின்ன எஞ்சினுக்கு அந்த ஐந்து சதவீதம் பெரிய விஷயம். ரிவர்ஸில் ஃபுல் லாக் ஒடித்தால் முன் லைனரிலும் உரசும். இப்போது 185/55 ஆர்15-க்கு வந்துவிட்டேன், விட்டம் 584 அல்லது 585.

மறுமொழி 9

எல்லோரும் உரசலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 16 இன்ச் போட்டு உரசாமல் ஓட்டினேன், ஆறு மாதத்தில் இரண்டு ரிம் கோணல், ஒரு டயர் பக்கவாட்டில் பலூன். 175/65-ல் பக்கச்சுவர் 114 மி.மீ. 195/45-ல் 88. பள்ளத்தில் இறங்கும்போது அந்த இரண்டரை சென்டிமீட்டர் எங்கே என்று முதுகெலும்பு தேடும். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பழைய வண்டியே நல்லா இருந்துச்சு, ஏன் வித்த?" என்று கேட்டார். வண்டி அதேதான் அம்மா, சக்கரம்தான் வேறு என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு விஷயம், டயர் பக்கத்தில் இருக்கும் பார எண்ணையும் பாருங்கள் தம்பி. பழைய டயரில் 82 என்று இருந்திருக்கும், ஒரு டயருக்கு 475 கிலோ. 195/45 ஆர்16-ல் 80 எண்ணும் கிடைக்கும், அது 450 கிலோ. 84 எடுத்தால் 500. கடையில் இரண்டும் ஒரே டிசைனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எனக்குக் கொடுத்தது 80.

மறுமொழி 10 (திரியைத் தொடங்கியவர்)

எனக்கும் 80. ரிம், டயர் எல்லாவற்றையும் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை ரிம் பார்க்கப் போகும் முன் வண்டியை அளந்தேன்.

பழைய 14 இன்ச் சக்கரத்தை மாட்டி, பின்சீட்டில் தம்பிகள் மூன்று பேரை உட்காரவைத்து, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டை ஆர்ச் மடிப்பிலிருந்து தொங்கவிட்டேன். நூலுக்கும் டயர் தோளுக்கும் நடுவில் 19 மி.மீ. முன்பக்கம் ஷாக்கில் டயருக்கு நேரே குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி ஒட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஃபுல் லாக் ஒடித்து மெதுவாக ஒரு சுற்று வந்தேன். களிமண் 12 மி.மீ. தடிமனில் தப்பித்தது. அதாவது உள்ளே குறைந்தது அவ்வளவு இடம் இருக்கிறது.

அதற்குள் அடங்கும்படி 15 இன்ச், 6ஜே, ஆஃப்செட் 40, டயர் 185/55 ஆர்15, பார எண் 82. இரண்டாவது பதிவு அண்ணன் சொன்னபடி டயரை வைத்துக் கணக்குப் போட்டேன். 6ஜே-யில் இது சுமார் 194 மி.மீ. நிற்கும். வெளியே 13.5 கூடுகிறது, 19-க்குள் வருகிறது. உள்ளே 3.5. ரிம்மின் உள் ஓரம் 8 மி.மீ. போகிறது, அதுவும் இடிக்கவில்லை. விளிம்போடு ரிம் 178 என்றால் டயர் ஒரு பக்கத்துக்கு 8 மி.மீ. துருத்திக்கொண்டு காவல் நிற்கும். நடு ஓட்டைக்கு வளையம் கேட்டு வாங்கினேன், நட்டு கூம்பு, மரை 12×1.25. எடையையும் தூக்கிப் பார்த்தேன், 16-ஐ விடக் கைக்கே லேசாகத் தெரிந்தது.

நேற்று அதே மூன்று தம்பிகளோடு, டிக்கியில் பையும் வைத்து, வேகத்தடை மேல் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். பின்னால் இருந்து வந்த சத்தம் தம்பிகளுடையது மட்டும்தான். 100 கி.மீ. ஆனதும் நட்டு இறுக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஐந்தாவது பதிவு அண்ணன் கவனத்துக்கு.

ஸ்பேர் இன்னும் 175/65 ஆர்14 இரும்பு ரிம்தான். விட்டம் ஒன்றரை மி.மீ. வித்தியாசம், அது ஓடும். ஆனால் அதற்குப் பழைய நட்டு வேண்டுமே! நாலு நட்டை ஒரு துணியில் கட்டி ஜாக்கியோடு போட்டிருக்கிறேன்.