உதவி: அகராதி எக்ஸ்எம்எல், என் கணினியில் சரி, அப்பாவின் போனில் வெள்ளைத் திரை. உருமாற்றத்தை எங்கே செய்வது?

கண்மாய்க்கரை:
வணக்கம். அப்பா ராமநாதபுரம் பக்கம் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பாசன, வேளாண்மைச் சொற்கள் 6,200. மடை, கலுங்கு, மறுகால், நீர்க்கட்டி என்று நோட்டுகளில் இருந்தவற்றை இரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்து ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக (சொல், பொருள், ஊர் என்று குறியிட்டுப் பிரித்த தரவுக் கோப்பு) ஆக்கினேன். 4 எம்பி இருக்கிறது. எக்ஸ்எம்எல்லை இணையப் பக்கமாக உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் ஒரு ஸ்டைல்ஷீட் (எப்படி மாற்றுவது என்ற விதிக் கோப்பு) எழுதி, முதல் எழுத்துவாரியாகப் பிரித்துக் காட்டுகிறேன். கணினியில் அந்த உருமாற்றத்தைச் செய்யும் சாக்சன் மென்பொருளை வைத்து ஓட்டினால் அழகாக வருகிறது.

அந்த இரண்டு கோப்பையும் அப்படியே இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றி, எக்ஸ்எம்எல்லின் தலையில் ஸ்டைல்ஷீட் வரியைச் சேர்த்தேன். அப்பாவின் போனில் குரோமில் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அவருக்கு 74 வயது. "எங்கடா என் சொல்லெல்லாம்?" என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை.

உருமாற்றத்தை பிரவுசரிலேயே செய்ய வைப்பதா, சர்வரில் செய்வதா? சர்வர் என்றால் காசு கட்டி வாங்க வேண்டுமா?

நூலிழை:
வெள்ளைத் திரைக்குக் காரணம் நீங்கள் எழுதிய 2.0. பிரவுசர்களுக்குத் தெரிந்தது 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும்தான். 2007இல் 2.0 வந்தது, 2017இல் 3.0 வந்தது, எந்த பிரவுசரும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் எழுத்துவாரியாகப் பிரிக்க ஃபார்-ஈச்-குரூப் என்ற கட்டளையைப் போட்டிருப்பீர்கள். 1.0இல் அந்தக் கட்டளையே கிடையாது. கீ வைத்துச் சுற்றி வளைத்து 1.0க்கு மாற்றி எழுதலாம், முடியும்.

கண்மாய்க்கரை:
ஆமாம், ஃபார்-ஈச்-குரூப்தான். அப்படியானால் 1.0க்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததா?

பழைய அச்சுக்கூடம்:
தம்பி, மாற்ற வேண்டாம். அந்த உழைப்பு ஒரு வருஷம்கூட நிற்காது. எக்ஸ்எஸ்எல்டியை பிரவுசரிலிருந்தே எடுக்கப்போவதாக குரோம் குழு 2025இல் அறிவித்துவிட்டது. 2026 நவம்பரில் வரும் 155ஆம் பதிப்போடு நிறுத்துவது திட்டம். குரோமுக்குள் இந்த வேலையைச் செய்வது லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற பழைய சி நிரல். அதில் பாதுகாப்பு ஓட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன, பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதும் அரிது. வருத்தமாகத்தான் இருக்கிறது, நான் பதினைந்து வருஷமாக இதில் பிழைக்கிறவன். ஆனாலும் முப்பது வருஷ உழைப்பை மூடப்போகிற கடையில் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. பிரவுசரில் உருமாற்றினால் ஒரே ஒரு சொல்லைப் பார்க்க வருகிறவரும் 4 எம்பி முழுவதையும் இறக்கியாக வேண்டும். அது முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் உருமாற்றம் தொடங்கும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகிற ஊரில் கண்மாய்க்கரையில் நின்று திறந்து பாருங்கள், தெரியும். எல்லாச் சொல்லுக்கும் முகவரி ஒன்றுதான் என்பதால் 'கலுங்கு' என்ற பதிவை மட்டும் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பவும் வழியில்லை.

நூலிழை:
அண்ணா சொல்வது சரி, அறிவிப்பை நான் கவனிக்கவில்லை. பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி) உள்ள ஹோஸ்டிங் எடுத்து சர்வரில் ஓட்டினால்?

பழைய அச்சுக்கூடம்:
பிஎச்பியின் எக்ஸ்எஸ்எல் நீட்சிக்குள் இருப்பதும் அதே லிப்எக்ஸ்எஸ்எல்டிதான். அங்கேயும் 1.0 மட்டும். சாக்சனைச் சர்வரில் ஓட்ட ஜாவா மாதிரி தனி வசதி உள்ள சர்வர் வேண்டும், அதற்குத்தான் பெரும்பாலும் காசு.

சர்வரா பிரவுசரா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: வருகிறவருக்கு வருகிறவர் பக்கம் மாறுகிறதா? வங்கிக் கணக்கு மாதிரி ஆளுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் சர்வரில் உருமாற்றித்தான் ஆக வேண்டும். அகராதி எல்லாருக்கும் ஒன்றுதான். அப்பா புதுச்சொல் சொன்னால் மட்டுமே மாறும். அதனால் உங்கள் கணினியிலேயே சாக்சனை ஒருமுறை ஓட்டி, விளைந்த எச்டிஎம்எல்லை, அதாவது பிரவுசர் நேராகக் காட்டும் பக்கங்களை, மட்டும் ஏற்றுங்கள். அந்த இலவச ஹோஸ்டிங்கே போதும். 2.0இல் ரிசல்ட்-டாக்குமென்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரே ஓட்டத்தில் எழுத்துக்கு ஒரு பக்கம், சொல்லுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

எக்ஸ்எம்எல் கோப்பைத் தரவிறக்கமாகத் தனியே வையுங்கள். அதுதான் மூலம், ஆய்வு செய்கிறவர்கள் கேட்பார்கள்.

கண்மாய்க்கரை:
ஐயா, நேற்று இரவு உட்கார்ந்து செய்தேன். 6,200 பக்கமும் வந்துவிட்டது, போனில் திறக்கிறது! ஆனால் வரிசை கெட்டிருக்கிறது. 'மறுகால்' வந்து 'மழைக்கால்', 'மலட்டாறு' இரண்டுக்கும் முன்னால் நிற்கிறது. அப்பா முதலில் பார்த்ததே அதைத்தான்.

பழைய அச்சுக்கூடம்:
அது யூனிகோடு எண் வரிசை, அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் எண்ணின் வரிசை. அதில் ந-வை அடுத்து ன, பிறகு ப ம ய ர ற ல ள ழ வ என்று போகும். நம் நெடுங்கணக்கில் ந ப ம ய ர ல வ ழ ள ற ன. அதனால்தான் ற முந்திக்கொள்கிறது.

வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையில் சொல்லை நேராகக் கொடுக்காமல் டிரான்ஸ்லேட் ஃபங்ஷன் வழியாகக் கொடுங்கள். அது எழுத்துக்கு எழுத்து மாற்றும். முதல் சரம் நம் வரிசை, இரண்டாவது யூனிகோடு வரிசை:

கஙசஞடணதநபமயரலவழளறன
கஙசஞடணதநனபமயரறலளழவ

ஒப்பிடும்போது மட்டும் வ-வை ற என்றும், ற-வை ழ என்றும், ன-வை வ என்றும் எடுத்துக்கொள்ளும். திரையில் சொல் மாறாது. முதல் சரத்தின் கடைசியில் புள்ளிக் குறியையும், இரண்டாவதன் கடைசியில் 0 என்ற எண்ணையும் சேருங்கள். அப்போது 'மட்டம்' 'மடை'க்கு முன்னால் வரும். இரண்டு சரத்திலும் எழுத்து எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். இரண்டாவதில் ஒன்று குறைந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஒப்பிடும்போது ஓர் எழுத்தே காணாமல் போய்விடும்.

கண்மாய்க்கரை:
சரியாகிவிட்டது ஐயா. மழைக்கால், மறுகால் என்று முறையாக நிற்கிறது. அப்பா காலையிலிருந்து ம வரிசையை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். 'மடைக்குடும்பன்' பதிவில் அவர் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம். சேர்த்து, மறுபடி ஓட்டி ஏற்றப் போகிறேன்.