நாய்க்குட்டி ரோட்டுக்கு வந்தா இழுக்குது, ஆராவது உதவி பண்ணுங்க

கல்லடிப்பொடியன்:
எங்கட பிரவுணி வீட்டுக்குள்ள தங்கம், வெளிய சங்கிலில கூட்டிப் போனா எங்கட ஒழுங்கை முடிய முதலே வால இடுக்கிட்டு வீட்டுப் பக்கம் இழுக்கிறான், நேத்து என்ட உள்ளங்கையே உரிஞ்சு போச்சு. என்ன செய்ற? கெதியாச் சொல்லுங்க.

வாவிக்கரை:
எத்தின மாசம்? என்ன சாதி? கழுத்துல என்ன போட்டிருக்கீங்க? எத்தின மணிக்குப் போறீங்க? ஒண்டும் சொல்லாட்டி நாங்க என்ன சாத்திரமா பாக்கிற?

பழையகை:
இந்தக் கேள்விய மாசத்துக்கு ரெண்டு பேர் கேக்கிறாங்க, பழசத் தேடிப் பாக்க ஒருத்தருக்கும் பஞ்சி. ஆர் எசமான் எண்டு காட்டோணும் தம்பி. இழுத்தா கழுத்த இறுக்கிற சோக் செயின் போட்டு ரெண்டு தரம் சுண்டினா அடங்கிரும். நான் 30 வருசமா நாய் வளக்கிறன்.

ஆரையம்பதி அக்கா:
வேணாம் மனே. வால் இடுக்குதெண்டா அது பயம், முரண்டு இல்ல. பயந்து நிக்கிற நேரம் கழுத்து நொந்தா, ரோட்டுக்கு வந்தா நோகும் எண்டுதான் அது படிக்கும். நெஞ்சோட மாட்டுற ஹார்னஸ் வாங்குங்க. உப்பில்லாம அவிச்ச கோழிய சுண்டுவிரல் நகமளவுக்குப் பிச்சுக் கொண்டு போங்க.

பழையகை:
கோழி இல்லாத நாள் என்ன செய்ற?

வாவிக்கரை:
சம்பளம் இல்லாத மாசம் நீங்க வேலைக்குப் போவீங்களா அண்ண?

கல்லடிப்பொடியன்:
சொறி, அவசரத்துல எழுதின. 7 மாசம், ஊர் நாய், பொமனேரியன் கலப்பு எண்டு சித்தப்பா சொல்றார். ஊசி போட்டாச்சு. 5 மாசம் வரைக்கும் கேற்றுக்கு வெளிய விடல்ல. கழுத்துப்பட்டிதான். பின்னேரம் 5 மணிக்குப் போற. அந்த நேரம் சந்தில பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்கிற ஓட்டோ வரும், அதுக்குத்தான் கூட நடுங்குறான்.

ஆரையம்பதி அக்கா:
இதயெல்லோ முதல் சொல்லியிரிக்கணும்! குட்டி 3 கிழமையில இருந்து 14 கிழமைக்குள்ளதான் சத்தம், ஆக்கள், வாகனமெல்லாம் லேசாப் பழகும். அது தப்பிட்டுது, பரவாயில்ல, இப்பயும் பழக்கலாம், ஆனா கன நாள் எடுக்கும். ஓட்டோ தூரத்துல நிக்கக்குள்ளயே நில்லுங்க. பாட்டு முதல்ல கேக்கணும், உடன கோழி. பாட்டு நிண்டா கோழியும் நிக்கணும். மூக்கடியில நீட்டியும் தின்னல்லயெண்டா கிட்டப் போயிட்டீங்க, ஒள்ளுப்பம் பின்னுக்கு வாங்க. அந்தப் பாட்ட போன்ல பதிஞ்சு, சோறு வைக்கக்குள்ள மெல்லிசாப் போட்டு விடுங்க. கொஞ்ச நாளைக்கு வெள்ளன போங்க, ரோட்டும் குளுமை. மணந்து மணந்து நடக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க.

சும்மா ஒருத்தன்:
அந்த டிங்டிங் பாட்டு சிங்களப் படப் பாட்டா?

பழையகை:
பீத்தோவன்ட ஃபியூர் எலீஸ், 1810. இது கூடத் தெரியாதா.

சும்மா ஒருத்தன்:
எங்கட பக்கம் வாற ஓட்டோவுல வேற பாட்டு. பாட்ட விடுங்க, சீனி போட்ட கிம்புலா பணிஸ் ஓட்டோவுல வாங்குறதுதான் திறம், கடையில வாங்குறது கல்லு.

வாவிக்கரை:
ஓட்டோ பணிஸ் காத்துல காஞ்சு போய்த்தான் வரும். கடையில பின்னேரம் 4 மணிக்குப் போய்ப் பாருங்க, சீனி இன்னும் உருகி நிக்கும்.

சும்மா ஒருத்தன்:
எந்தக் கடை? சும்மா அளக்காம சொல்லுங்க.

பழையகை:
ரெண்டும் மாதான். பாணுக்குப் பேக்கரிக்கு நடந்து போன காலத்துல நாய்க்கும் பயமில்ல, மனுசனுக்கும் சீனி வருத்தமில்ல.

வாவிக்கரை:
பீத்தோவனுக்குக் கடைசில காதே கேக்காமப் போன. பிரவுணிக்குத்தான் நல்லாக் கேக்குது போல 😂

ஆரையம்பதி அக்கா:
நாய்க் கதைய விட்டுட்டு எல்லாரும் பணிசுக்குப் போயிட்டீங்க. தம்பி, என்னாச்சு?

கல்லடிப்பொடியன்:
12 நாள் கழிச்சு வாறன், மன்னிக்கணும். ஹார்னஸ் வாங்கின, வெள்ளன ஐந்தரைக்கு கடற்கரைப் பக்கம் போறம், இழுவை பாதி குறைஞ்சிட்டு. நேத்துப் பின்னேரம் ஓட்டோ சந்தில நிண்ட, இவன் காத நிமித்திட்டு என்ட சேட்டுப் பொக்கற்றப் பாத்தான். இப்ப என்ன கரச்சல் எண்டா, பாட்டுக் கேட்டா சோறு எண்டு நினைச்சு கேற்றடியில நிண்டு குலைக்கிறான். ஓட்டோக்காரர் நாங்க பாண் வாங்கத்தான் கூப்பிடுறம் எண்டு தினம் வந்து நிக்கிறார்.

சும்மா ஒருத்தன்:
பணிஸ் வாங்கிப் பாத்தீங்களா?

வாவிக்கரை:
அந்தப் பொமனேரியன்ட படத்தப் போடுங்க பாப்பம்.