புகழுரைகள் மட்டும் போதுமா? மறைந்த எழுத்தாளரை நினைவுகூர வழி கேட்கிறேன்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு வயதில் ஆழமாகப் பாதித்த எழுத்தாளர் ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்குகிறது. அவர் மறைந்த வாரத்தில் சமூக ஊடகங்கள் முழுவதும் அவருடைய படங்களாலும் மேற்கோள்களாலும் நிறைந்திருந்தன. ஒரு மாதம் கழிவதற்குள் அவர் பெயரைச் சொல்வாரில்லை. இந்த ஆண்டும் ஒரு கூட்டம் கூட்டி, சிலர் உருக்கமாகப் பேசி, கலைந்து போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒருவருக்காக நாங்கள் உண்மையாகவே துயரப்பட்டோம். அந்தத் துயரம் பயனுள்ள ஒரு செயலாக மாற வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் அவர் வெளியிட்ட அரசியல் கருத்துகள் சிலவற்றை எங்களில் பலர் ஏற்கவில்லை. நினைவு நாளில் அதைப் பற்றிப் பேசுவது முறையாகுமா?

பதில் 1

கூட்டம் நடத்துவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பு, அவருடைய நூல்களில் எவையெவை இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன என்று பாருங்கள். எழுத்தாளர்கள் மறக்கப்படுவது பெரும்பாலும் வாசகர்களின் மனம் மாறுவதால் அன்று, நூல்கள் மறுபதிப்புக் காணாமல் போவதால்தான்.

1921இல் பாரதியார் மறைந்தபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் மிகச் சிலரே. அதன் பிறகு அவர் மனைவி செல்லம்மாளும் உறவினர்களும் நண்பர்களும் விடாமல் அவருடைய எழுத்துகளை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். கல்கி முன்னின்று வாசகர்களிடம் திரட்டிய நன்கொடையால் எட்டயபுரத்தில் எழுப்பப்பட்ட மணிமண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பின்னர் அவை பொதுமக்களின் உடைமை ஆயின. என் பார்வையில், இவற்றுள் மிகப் பெரிய நினைவுச் சின்னம் இந்தக் கடைசிச் செயல்தான். மண்டபத்தைக் காண ஒருவர் அந்த ஊருக்குப் போக வேண்டும். பாடல்களையோ, அன்று முதல் யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் அச்சிடலாம், மேடையில் பாடலாம், பாடநூலில் சேர்க்கலாம் என்றாகிவிட்டது.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை வாரிசுகளிடம் இருக்கும்; வேறு பல நாடுகளில் அது 70 ஆண்டுகள். வாரிசுகள் அக்கறை காட்டாவிட்டால் ஒரு தலைமுறைக்கே அந்த எழுத்து கிடைக்காமல் போகலாம். எனவே குடும்பத்தாரையும் பதிப்பாளரையும் சந்தித்து, மறுபதிப்புக்கு உங்கள் வட்டம் எந்த வகையில் உதவ முடியும் என்று கேளுங்கள்.

பதில் 2

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். எழுத்தாளர்களுக்கு மட்டுமன்றி அறிவியல் அறிஞர்களுக்கும் இது பொருந்தும். கணிதமேதை ராமானுஜன் 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். கடைசி ஓராண்டில் நோயோடு போராடிக்கொண்டே அவர் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்தன. 1976இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நிறுவல் இல்லாமல் முடிவுகளை மட்டும் எழுதிச் சென்ற அந்தத் தாள்களை வரி வரியாக ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் நிறுவி, ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்ட்டும் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்கள். முதல் தொகுதி 2005இலும் கடைசித் தொகுதி 2018இலும் வந்தன. ஒரு மனிதரின் கடைசி ஓராண்டு உழைப்பை விளங்கிக்கொள்ள, அவரைக் கண்டேயிராத அறிஞர்கள் தங்கள் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டிருக்கிறார்கள். இதைவிட மேலான அஞ்சலியை என்னால் நினைத்துப் பார்க்க இயலவில்லை.

அதற்காகச் சிலைகளை வீண் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் தம் முதுமையில், கணவருக்குச் சிலை வைப்பதாக முன்பு சொன்னார்களே, அது எங்கே என்று ஒரு நேர்காணலில் கேட்டார். அதை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி, பல நாட்டுக் கணித அறிஞர்களின் நன்கொடையோடு பால் கிரான்லண்ட் என்னும் சிற்பியைக் கொண்டு மார்பளவுச் சிலை வடிக்கச் செய்து, அந்த அம்மையாரிடமும் ஒன்றைச் சேர்ப்பித்தார். சூத்திரங்கள் வாழ்கின்றன என்ற ஆறுதல் அவருக்குப் போதவில்லை. கண்ணால் காண ஒரு முகம் வேண்டியிருந்தது. உங்கள் எழுத்தாளரின் குடும்பத்துக்கும் அப்படி ஏதேனும் ஆசை இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் 3

ஒரு வேண்டுகோள். நினைவு நாளுக்காக மேற்கோள் அட்டைகள் தயாரிப்பதாக இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் நூலும் பக்கமும் தெரிந்த பிறகே வெளியிடுங்கள். நம்முடைய ஆழ்ந்த அச்சம் நம் இயலாமையைப் பற்றியதன்று என்ற பொருளில் நெல்சன் மண்டேலாவின் படத்தோடு உலகெங்கும் சுற்றும் வாசகம், அவர் 1994இல் பதவியேற்றபோது பேசியதாகவே பலரால் நம்பப்படுகிறது. அது மரியான் வில்லியம்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அப்துல் கலாம் பெயரிலும் அவர் சொல்லாத வரிகள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. சொல்லாததை ஒருவர் வாயில் ஏற்றினால், அவர் உண்மையில் சொன்னது அடியில் புதைந்துபோகிறது. மறுத்துப் பேச அவரும் இல்லை.

பதில் 4

இரண்டாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இறந்த அன்று பேசுவதும் ஓராண்டு கழித்துப் பேசுவதும் ஒன்றல்ல. முதல் நாட்களில் குடும்பத்தார் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன் வாதத்துக்கு இறங்காமல் இருப்பது அடிப்படைப் பண்பு. ஆண்டு நினைவு நாளில் அந்தத் தயக்கம் தேவையில்லை. குறைகளை மறைத்துக் கட்டப்படும் புகழ் வெகுநாள் நிற்பதுமில்லை. அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் பெயரைத் தாங்கி நின்ற தன் கல்வி நிலையத்திலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020இல் அந்தப் பெயரை நீக்கியது. கறுப்பின மக்களைப் பிரித்து வைத்த அவருடைய கொள்கைகளே அதற்குக் காரணம். அவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல, நெடுங்காலம் பேசப்படாமல் இருந்தவை.

நீங்கள் ஏற்காத கட்டுரையை அவருடைய சொற்களிலேயே முழுமையாக வாசித்துவிட்டு, பிறகு மறுத்துப் பேசுங்கள். அவரை ஆதரிப்பவர் ஒருவருக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள். எழுத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு, தம் கருத்தோடு இன்றும் வாதிடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. அவருடைய மகளிடம் பேசினோம். இரண்டு நூல்கள் பல ஆண்டுகளாக மறுபதிப்பு இல்லாமல் இருக்கின்றன; மறுபதிப்புக்கு அவர் மகிழ்ச்சியோடு இசைந்தார். வாசகர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பலரிடம் சிதறிக் கிடப்பதாகவும் சொன்னார். அவற்றைத் திரட்டலாமா?

பதில் 1 எழுதியவர்

கட்டாயம் திரட்டுங்கள். கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தமானாலும், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கே உரியது. எனவே வெளியிடுவதற்கு மகளிடம் எழுத்துப்பூர்வமான இசைவு பெறுங்கள். கடிதத்தில் பெயர் வரும் மற்றவர்களின் அந்தரங்கத்தையும் கருதிப் பாருங்கள். மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டு, இருபுறமும் உறையோடு சேர்த்து ஸ்கேன் செய்து, தேதியையும் யாருக்கு எழுதியது என்பதையும் குறித்து, பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வயதில் மூத்த வாசகர்களிடமிருந்து தொடங்குங்கள்.