38 மி.மீ. டயர், ஸ்டீல் ஃப்ரேம், உயர்ந்த ஹேண்டில்பார்: இதைப் போய் பின்னடைவு என்பதா?

நெடுவழி:
ஏழு வருஷம் 25 மி.மீ. டயர் போட்ட கார்பன் ரேஸ் சைக்கிள்தான் ஓட்டினேன். போன வருஷம் அதை விற்றுவிட்டு ஸ்டீல் ஃப்ரேமுக்கு மாறினேன். 38 மி.மீ. டயர், சீட் மட்டத்துக்கே ஏற்றி வைத்த, முனை கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பார், இரண்டு பக்கமும் மட்கார்டு, ஹேண்டில்பார் முனையில் கியர் லீவர், அவ்வளவுதான். என்னோடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "நீ பின்னோக்கிப் போகிறாய்." அதை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். ஜல்லி பெயர்ந்த சாலையில் 120 கி.மீ. ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்து முடித்து சட்டை போட்டால் பொத்தானை மாட்ட முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் துணியைத் தொடுவதே தெரியவில்லை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தள்ளித் தள்ளி ஒரு பொத்தானை மாட்டினேன். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற அல்னார் நரம்பை ஹேண்டில்பார் மணிக்கணக்கில் அழுத்தினால் இப்படித்தான் ஆகும். அது சரியாக நாலு நாள் ஆயிற்று. இப்போது அதே சாலையில் அதே தூரம் ஓட்டுகிறேன், கை கையாகவே இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். பந்தயத்தில் ஓடாத ஒருவனுக்குப் பந்தய சைக்கிளின் அளவும் உட்காரும் விதமும் எதற்கு?

கூர்முனை:
உங்கள் கை சரியானதில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் முடிவை மட்டும் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். நீங்கள் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றியிருக்கிறீர்கள்: டயர் அகலம், ஹேண்டில்பார் உயரம், ஃப்ரேம். பலன் முழுவதையும் "பழைய பாணி சைக்கிள்" கணக்கில் எழுதிவிட்டீர்கள். இன்றைக்கு வருகிற கார்பன் எண்டூரன்ஸ் (நெடுந்தூரம் ஓட்டுவதற்கான) சைக்கிள் பலவற்றிலும் 35, 38 டயர் போகிறது, ஹேண்டில்பாரும் உயரமாக வருகிறது, டிஸ்க் பிரேக் இருக்கிறது, எடை எட்டு எட்டரை கிலோதான். உங்களுடையது எவ்வளவு, பன்னிரண்டு இருக்குமா?

இன்னொன்று, நிமிர்ந்து உட்காருவதற்கு ஒரு விலை உண்டு. சமதரையில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் நாம் போடுகிற சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும், அதாவது 20-லிருந்து 30-க்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். எதிர்காற்று அடிக்கிற நாளில் 100 கி.மீ. நிமிர்ந்தபடி ஓட்டினால் அரை மணி நேரம் அதிகமாக சீட்டில் உட்கார வேண்டி வரும். அதுவும் உடம்புக்கு வலிதானே? வசதியைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நெடுவழி:
என்னுடையது மட்கார்டு, கேரியர் எல்லாம் சேர்த்து பதினொன்றரை கிலோ. கணக்கே போட்டுப் பார்ப்போம். நான் 72 கிலோ, எட்டு கிலோ சைக்கிளோடு சேர்த்து 80. மூன்றரை கிலோ கூடினால் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய எடையின் விகிதத்திலேயே கூடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர ஏற்றத்துக்கு இரண்டரை நிமிஷம். அந்த இரண்டரை நிமிஷத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

காற்று விஷயத்தில் சொல்கிறேன், என்னுடையதும் டிராப் ஹேண்டில்பார்தான். எதிர்காற்று வந்தால் கீழ்ப்பிடிக்குப் போய்விடுகிறேன். முன்பு ஹேண்டில்பார் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் கீழ்ப்பிடியைப் பிடித்தால் அஞ்சு நிமிஷம் தாங்காது, கழுத்து இறுகிவிடும். இப்போது கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது, அதனால் இருபது நிமிஷம்கூட அப்படியே ஓட்ட முடிகிறது. உயர்த்தி வைத்த பிறகுதான் கீழ்ப்பிடியை நான் பயன்படுத்தவே ஆரம்பித்தேன் என்று சொன்னால் நம்புங்கள். அப்புறம், அதிர்வை உறிஞ்சுவதில் ஸ்டீலுக்கு ஈடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூர்முனை:
கடைசி வரியை மட்டும் விடமாட்டேன். வழக்கமான முக்கோண ஃப்ரேம் எதுவாக இருந்தாலும், ஸ்டீலோ அலுமினியமோ கார்பனோ, மேலும் கீழுமாக வளைவது மிகக் கொஞ்சம். டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது பல மி.மீ. அமுங்குகிறது. உங்கள் சீட் தண்டு வளைவதுகூட ஃப்ரேம் வளைவதைவிட அதிகம். சந்தேகமாக இருந்தால் அந்த 38 டயரில் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றை அடித்துவிட்டு அதே சாலையில் போய்ப் பாருங்கள், ஸ்டீலின் மென்மை எங்கே போயிற்று என்று தெரியும்.

ஸ்பானர்கை:
பத்து வருஷத்துக்கு மேல் சைக்கிள் பழுது பார்க்கிறேன். ஃப்ரேம் விஷயத்தில் கூர்முனை சொல்வது சரி. ஆனால் "எளிமை" என்ற சொல்லை இதுவரை யாரும் தொடவே இல்லை, எனக்கு முக்கியமே அதுதான்.

புதிதாக வருகிற விலை உயர்ந்த சைக்கிள்களில் பிரேக் ஹோஸ், கேபிள் எல்லாம் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹெட்செட் பேரிங் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்துப் பேரிங்) வழியாக ஃப்ரேமுக்குள் இறங்குகிறது. பார்க்க அழகு, காற்றுக்கும் கொஞ்சம் நல்லது. ஆனால் மேல் பேரிங் ஒன்று துருப்பிடித்தால், அதை மாற்றப் பெரும்பாலும் ஹைட்ராலிக் ஹோஸைக் கழற்ற வேண்டும், ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும், ஹேண்டில்பார் நாடாவைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒரு சின்னப் பேரிங்குக்கு அரைநாள் வேலை. வியர்வையும் மழையும் முதலில் இறங்குவதே அந்தப் பேரிங்கில்தான். வெளியே கேபிள் ஓடுகிற சைக்கிளில் இதே வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கியர் லீவரும் அப்படித்தான். நெடுவழி வைத்திருப்பது ஃப்ரிக்ஷன் லீவராக இருந்தால், அதில் 'கிளிக்' கிடையாது, நாமே இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பழக ஒரு வாரம் ஆகும். பழகிய பிறகு பின்னால் ஏழு பல்சக்கரம் இருந்தாலும் பத்து இருந்தாலும் அதே லீவர் வேலை செய்யும். சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றுகிற டெரெய்லரின் தாங்கி கொஞ்சம் வளைந்திருந்தால்கூட ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். 1980-களின் நடுவில் ஷிமானோ கிளிக் கியரைக் கொண்டுவந்ததும் ஓட்டுகிறவர்களுக்கு நிஜமாகவே வசதியாயிற்று, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து லீவர், கேபிள், டெரெய்லர், பல்சக்கரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும் என்றும் ஆகிவிட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழையில், சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்துகிற ரிம் பிரேக்கைவிட டிஸ்க் பல மடங்கு நம்பிக்கையானது. ரிம் பிரேக்கில் ஈரமும் மணலும் சேர்ந்து ரிம்மையே அரைத்துவிடும், தேய்ந்து பிளந்த ரிம்மைப் பார்த்திருக்கிறேன்.

மாலைமிதி:
நான் எதிர்ப்பக்கம் பேச வந்திருக்கிறேன், அதுவும் சொந்த அனுபவத்திலிருந்து. அகல டயர் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டு 23-லிருந்து 35-க்கு மாறினேன். சேற்றில் ஓட்டுவதுபோல இருந்தது. வழக்கமாக ஓட்டுகிற நாற்பது கி.மீ. ஐம்பதாகத் தோன்றியது. மூன்று வாரத்தில் கழற்றிவிட்டேன். வசதியாக இருந்தது உண்மை, ஆனால் வண்டியில் உயிரே இல்லை. "அகலமும் வேகமாகத்தான் போகும்" என்று எழுதுகிறவர்கள் எந்த டயரை வைத்து எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நெடுவழி:
மாலைமிதி, அது என்ன டயர்? பஞ்சர் ஆகாமல் இருக்க உள்ளே தடித்த ரப்பர் பட்டை வைத்தது, பக்கச்சுவர் விறைப்பாக இருந்ததா? எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்?

மாலைமிதி:
ஆமாம், பஞ்சர் ஆகவே ஆகாது என்று சொன்னதால்தான் வாங்கினேன். காற்று 90. முன்பு 23-க்கு 110 வைத்திருந்தேன், கொஞ்சம் குறைத்தேன்.

நெடுவழி:
அப்படியானால் உங்கள் குறை நியாயம், ஆனால் அகலத்தின் மேல் பழி போடாதீர்கள். டயர் உருளும்போது தரையில் படுகிற இடம் வளைந்து நிமிர்கிறது, ஒவ்வொரு சுற்றிலும். வளைக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்ப வராது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். பக்கச்சுவரும் உள்பட்டையும் தடிமனாக இருந்தால் அந்த இழப்பு அதிகம். கையால் செய்து பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. டயரைக் கழற்றிப் பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடியுங்கள். நல்ல டயர் துணிமாதிரி மடியும், உள்ளே நூல் இழை தெரியும். உங்களுடையது செருப்பின் அடிப்பாகம் மாதிரி எதிர்த்து நின்றிருக்கும்.

அப்புறம் காற்று. 35 டயரில் 90 வைத்தால் விறைத்துப் போய்க் கல்லுக்குக் கல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் சைக்கிளையும் உங்களையும் சேர்த்துத் தூக்குவது உங்கள் காலில் இருந்து போகிற சக்திதான், அதில் ஒரு பகுதி உடம்பின் சதையில் அதிர்வாகக் கரைந்துவிடும். வழுவழுப்பான உருளையில் வைத்துச் சோதிக்கும்போது அதிகக் காற்று வேகமாகத் தெரிவதும் கரடான சாலையில் அது தலைகீழாவதும் இதனால்தான். சைக்கிள் பத்திரிகை நடத்துகிற யான் ஹைனே அதில் நிஜச் சாலையில் ஓட்டிச் சோதித்துப் பல வருஷமாக வாதாடியது இதைத்தான். உங்கள் எடை எனக்குத் தெரியாது, ஆனால் 35-க்கு 50-ஐ ஒட்டி ஆரம்பித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மென்மையான டயரில்.

பழையசங்கிலி:
இதில் புதிது எதுவுமே இல்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயம் முதலில் நடந்தது 1891-ல், 1200 கி.மீ. இப்போது அது பந்தயம் இல்லை, 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பிரெஞ்சுக் கைவினைஞர்கள் இந்த மாதிரி நெடும்பயணத்துக்குச் செய்த சைக்கிள்களைப் பாருங்கள். 650பி என்கிற சற்றுச் சிறிய சக்கரம், நாற்பதை நெருங்குகிற டயர், அலுமினிய மட்கார்டு, முன்னால் பை, டைனமோ விளக்கு. அத்தனையும் இருந்தும் எடை வியக்கும்படி குறைவு. இராப்பகலாக ஓட்டுகிறவர்கள் கேட்டு வாங்கியது அது.

பிறகு ரேஸ் சைக்கிள்தான் நிஜமான சைக்கிள் என்று ஆயிற்று. 1990-களில் 20, 23 மி.மீ. டயரை எட்டு பார் (சுமார் 116 பி.எஸ்.ஐ.) காற்றில் ஓட்டினோம். அப்போது பிரிட்ஜ்ஸ்டோனின் அமெரிக்க சைக்கிள் பிரிவில் இருந்த கிராண்ட் பீட்டர்சன், அது மூடப்பட்டதும் 1994-ல் ரிவெண்டெல் என்று தொடங்கி, குழாய்களை இணைக்கிற லக் உறை வைத்த ஸ்டீல், உயர்ந்த ஹேண்டில்பார், தடித்த டயர் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது. இன்று டூர் டி பிரான்ஸ் ஓட்டுகிறவர்களே 28, 30 போடுகிறார்கள். பாரிஸ்-ரூபே பந்தயத்தின் கல் பதித்த சாலையில் 32-ம் அதற்கு மேலும் போகிறார்கள்.

கூர்முனை:
டயர் விஷயத்தில் முழுசாக ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்குச் சண்டையே இல்லை, நானே 30-தான் ஓட்டுகிறேன். ஆனால் பாருங்கள், பழையசங்கிலி சொன்னதே என் கட்சிக்குத்தான் சாட்சி. பந்தய சைக்கிளே அகல டயருக்கு வந்துவிட்டது என்றால், வசதிக்காக யாரும் ஃப்ரிக்ஷன் லீவருக்கும் ரிம் பிரேக்குக்கும் திரும்பிப் போக வேண்டியதில்லையே? ஈரச் சரிவில் நாலு விரலால் இறுக்கிப் பிடித்தும் நிற்காத பிரேக்கை எளிமை என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக ஓட்ட வருகிறவர் கியர் மாற்றக் கையை எடுத்து ஹேண்டில்பார் முனைக்குப் போகும்போது குழியில் விழுந்தால் யார் பொறுப்பு? பிடித்த இடத்திலிருந்தே பிரேக்கும் கியரும் போடுவது பாதுகாப்பு. அதை ஆடம்பரம் மாதிரி பேசாதீர்கள்.

நெடுவழி:
ஸ்டீல் அதிர்வை உறிஞ்சும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த நூறு பி.எஸ்.ஐ. சோதனையை நேற்றுச் செய்து பார்த்தேன், 100 அல்ல, டயரில் போட்டிருந்த உச்ச அளவான 75. அதுவே போதும், ஒரு கிலோமீட்டரில் பல் அதிர ஆரம்பித்தது. டயர்தான் எல்லாம், ஒப்புக்கொள்கிறேன்.

பிரேக்கில் நீங்கள் சொல்வதும் சரி, இன்னொரு ஃப்ரேம் வாங்கினால் கேபிளில் ஓடுகிற மெக்கானிக்கல் டிஸ்க்தான் போடுவேன். ஸ்டீலிலும் அது வருகிறது. லீவரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிதானமாக ஓட்டும்போது நான் கியர் மாற்றுவதே குறைவு, குழி தெரிகிற இடத்தில் கையை எடுப்பதும் இல்லை. அதைவிட, ஏதாவது சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. எல்லா நட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, மூன்று ஆலன் சாவியும் ஒரு ஸ்பானரும் பையில் இருந்தால் போதும். முன்பிருந்த சைக்கிளில் பெடல் அச்சுப் பக்கம் ஒரு 'கிறீச்' வந்தது, மரை இல்லாமல் அழுத்திப் பொருத்துகிற பிரஸ்ஃபிட் பேரிங், இரண்டு வருஷம் அதைத் தேடினேன். அந்தச் சத்தத்தோடே அதை விற்றேன்.

மாலைமிதி:
சரி, இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்று தோன்றுகிறது, ஆனால் புது சைக்கிள் வாங்குகிற எண்ணம் இல்லை. இருக்கிற சைக்கிளில் எவ்வளவு அகலம் போகும் என்று எப்படிப் பார்ப்பது? 35 போட்டபோது பின்னால் ஃப்ரேமில் உரசின தடம் இருக்கிறது.

ஸ்பானர்கை:
உரசியிருந்தால் 35 அந்தச் சைக்கிளுக்கே இல்லை, இனி போடாதீர்கள். இப்போது இருக்கிற டயரில் வழக்கமான காற்றை அடித்துவிட்டு 4 மி.மீ. ஆலன் சாவியை எடுங்கள். ஃபோர்க் முடியின் கீழ், பிரேக்கின் கீழ், பின்னால் பெடல் அச்சை ஒட்டி இரண்டு குழாய்களுக்கும் நடுவில், மூன்று இடத்திலும் டயரின் இரண்டு பக்கமும் சாவியை நுழைத்துப் பாருங்கள். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றவிட்டும் பாருங்கள், கோணல் இருந்தால் தெரியும். புது டயர் போட்ட பிறகும் அந்தச் சாவி எல்லா இடத்திலும் தட்டாமல் போக வேண்டும். டயரில் அச்சடித்த அகலத்தை நம்பாதீர்கள், அகலமான ரிம்மில் 28 என்பது 30-ஆக விரியும். குட்டைக் கை காலிப்பர் பிரேக் என்றால் பொதுவாக 28-தான் எல்லை.

மாலைமிதி:
பார்த்துவிட்டேன். முன்னால் சாவி தாராளமாகப் போகிறது. பின்னால் இப்போதைய 23-க்கு இடது பக்கம் ஏழரை மி.மீ., வலது பக்கம் ஏழு. பக்கச்சுவர் மெலிந்த 28 இரண்டு சொல்லியிருக்கிறேன். முன்னால் 65, பின்னால் 70 வைத்து ஆரம்பிக்கிறேன். என் எடை 58. அதிகம் என்றால் சொல்லுங்கள்.

கூர்முனை:
58 கிலோவுக்கு அது அதிகம். முன்னால் 55, பின்னால் 60-ல் ஆரம்பித்து, குழியில் ரிம் தட்டினால் மட்டும் இரண்டிரண்டாக ஏற்றுங்கள்.